காயக் காயக் குட்டையான சுவர்

மாரிக்கனி பூவரசங்கட்டையில் செதுக்கிய சுவர் காயக் காய, செண்பக நகர்க்காரர்கள் செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டிய சுவரும் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஓடைக்கரைக் காலனியில் இதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. பச்சை மரம் காய்ந்தால் சுருங்கத்தானே செய்யும், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவரவர் அடுப்பைப் பார்க்கப் போனார்கள். அதிசயம் என்று பார்த்தால், முந்நூறு எட்டில் முடிகிற பாதையை மறித்து ஒருத்தன் பத்தடிக்குச் சுவர் எழுப்ப, அதை ஒரு ஊரே பார்த்துக்கொண்டு நின்றதே, அதுதான் பெரிய அதிசயம். அதற்கு மேல் ஒன்று நடந்துவிடுமா என்ன.

அந்தப் பாதை மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் பூவரச மரங்கள். காலனியில் கால் எடுத்து வைத்தால் முந்நூறாவது எட்டில் பஸ் ஸ்டாப்பு, அதை ஒட்டிப் பள்ளிக்கூடம், அதற்கு எதிரே ரேஷன் கடை. தோட்டம் பிளாட்டாயிற்று, பிளாட்டு செண்பக நகராயிற்று, நகருக்கு ஒரு வளைவு வந்தது, வளைவுக்கு ஒரு வாட்ச்மேன் வந்தார், கடைசியாகச் சுவர் வந்தது, சுவரின் தலையில் கண்ணாடிச் சில்லு வந்தது. நகர்ச் சங்கச் செயலாளர் சௌந்தரராஜன் ஓய்வுபெற்ற இன்ஜினியர், தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். அவர் செருமிவிட்டுச் சொன்னார், இந்தச் சுவர் எந்த மனிதருக்கும் எதிரானது அல்ல, பாம்புக்கு மட்டுமே எதிரானது என்று. பாம்பு ஏழெட்டு அடி வரைக்கும் ஏறுமாம், அதற்கு மேலும் ஏறினால் கண்ணாடிச் சில்லைப் பார்த்துத் திரும்பிவிடுமாம். காலனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள், நம்மில் யாருக்கு வால் முளைத்திருக்கிறது என்று.

சுவரைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் பைபாஸ் ஏறி, செங்கல் சூளை தாண்டி, ஒயின்ஷாப் வாசல் வழியாக நாலு கிலோமீட்டர். மாரிக்கனியின் மகள் ரேணுகா பன்னிரண்டாம் வகுப்பு. அந்த ஒயின்ஷாப் வாசலிலிருந்து இரண்டு பேர் பைக்கில் அவளுக்குப் பின்னாலேயே மூன்று நாள் வந்தார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு. மூன்றாம் நாள் அவள் பையால் ஒருத்தன் முகத்தில் அடித்துவிட்டு ஓடிவந்தாள். அப்பா பலவேசம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், விடியுமுன்னே கிளம்பிப் போகிறவன், கூடப் போக முடியாதவன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டான்: சுவர் நிற்கிற மட்டும் பிள்ளை வீட்டில் இருக்கட்டும், பொதுப் பரீட்சை அன்றைக்கும் சுவர் நின்றால், கயத்தாற்றில் அக்கா மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான், மறுநாளே வெற்றிலை மாற்றிவிடலாம்.

மாரிக்கனி புருஷனோடு சண்டை போடவில்லை. சண்டை போடவேண்டிய ஆள் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும்போது, இந்தப்பக்கம் இருக்கிறவனிடம் கத்தி என்ன செய்ய என்று மனு எழுதினாள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதினாள். பதினாலு திங்கட்கிழமை. பதினாலாவது மனுவில், இந்தச் சுவரால் எங்கள் பெண்கள் வேலைக்குப் போக முடியவில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். அலுவலகத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ஆழ்ந்து யோசித்து, வெளியே போக முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் தொழில் கற்றுத்தரலாமே என்று உத்தரவு போட்டார்.

அப்படித்தான் ஹேமலதா வந்தாள். இருபத்தைந்து வயது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் 'பசுமரத்தில் சிறு அலங்காரப் பொருட்கள்' என்று ஒரு புத்தகம். மரத்துக்கு அலையவே வேண்டாமென்று நகர்க்காரர்களே கொடுத்தனுப்பியிருந்தார்கள். சுவர் ஓரமாக நடைபாதை போடவேண்டும் என்று அந்த வாரம்தான் வெட்டின பூவரசுகள், பாதையின் இரண்டு பக்கமும் நின்ற அதே பூவரசுகள், பால் காயாமல் டிராக்டரில் வந்து இறங்கின. காலனிப் பெண்கள் அந்தக் கட்டைகளை உட்கார்ந்து தடவிப் பார்த்தார்கள். சொர்ணம் ஒரு கட்டையைப் புரட்டி, இதில்தான் என் மூத்தவனுக்குத் தொட்டில் கட்டினேன் என்றாள். ஹேமலதா அதைக் குறித்துக்கொள்ளவில்லை, அதற்குப் படிவத்தில் இடமில்லை.

"சிஸ்டர்ஸ், கத்தி எப்பவும் நம்மள விட்டு வெளிய போகணும். கட்டை விரல் எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா அது இருக்காது" என்று அவள் ஆரம்பித்தாள். பச்சை மரம் வெண்டைக்காய் மாதிரி, சொன்னபடி கேட்கும் என்றாள். ரேகை போகிற போக்கிலேயே சீவ வேண்டும், எதிர்த்துச் சீவினால் பிய்த்துக்கொண்டு வரும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது செதுக்கின மட்டும் ஈரச்சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். முடித்த பிறகு நிழலில், மெல்ல மெல்ல, அவசரமில்லாமல் காயவிட வேண்டும். மரம் நீளவாக்கில் சுருங்காது சிஸ்டர்ஸ், குறுக்குவாக்கில்தான் சுருங்கும். நீளமாக இருக்கிற பொருள் நீளமாகவே இருந்து, ஒல்லியாகிவிடும், குட்டையாகிவிடும். இப்படி அவள் சொல்லச் சொல்ல, இருபத்தாறு பெண்களும் ஆம் டீச்சர் ஆம் டீச்சர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ராகம் இழுத்தார்கள்.

கிளி செதுக்கச் சொன்னாள். சொர்ணத்தின் கிளி கத்தரிக்காய் மாதிரி வந்தது, அவள் அதற்குக் காம்பு வைத்து அழகாக முடித்துவிட்டாள். மாரிக்கனிக்குக் கிளி வரவில்லை. மூக்குக்காக வெட்டின இடம் மட்டமாக நின்றது, வாலுக்காக நீட்டின இடம் நேராகப் போனது. யானை என்று இரண்டாம் கட்டையை எடுத்தாள், அதுவும் தட்டையாக, நெடுக, செவ்வகமாக வந்தது. அவள் கையில் இருந்த ஆத்திரம் வளைவு அறியாதது. மூன்றாம் நாள் அவள் கிளியையும் யானையையும் விட்டுவிட்டு, வருகிறது வரட்டும் என்று கத்தியை அதன் போக்கில் விட்டாள். ஒரு சாண் நீளத்தில், நாலு விரல் உயரத்தில், சுவர் வந்தது. செங்கல் வரிசை வந்தது. தலையில் ஊசி ஊசியாகக் கண்ணாடிச் சில்லு வந்தது. தண்ணீர் போகிற ஓட்டைகள்கூட எண்ணிக்கை மாறாமல் வந்தன.

ஹேமலதா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். இது அலங்காரப் பொருளா தெரியலையே சிஸ்டர் என்றாள்.

"அலங்காரம்னுதான டீச்சர் அவிய கட்டி வச்சிருக்காவ" என்றாள் மாரிக்கனி.

ஹேமலதா புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு மூடினாள். சுவரைக் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் நிழலில் வைத்தாள்.

நாலாம் நாள் செண்பக நகரின் மாடிவீட்டு அம்மாள் ஒருத்தி துணி காயப்போட வந்து, முதல் முறையாகத் தன் மொட்டை மாடிக்கு எதிரே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாள். ஆறாம் நாள் தரைத்தளத்து ஜன்னல்களுக்கெல்லாம் திரைச்சீலை வந்தது. சுவர் நீளத்தில் ஒரு அங்குலம் குறையாமல், உயரத்தில் மட்டும் அடியடியாக இறங்கியது. சௌந்தரராஜன் டேப்போடு வந்து அளந்தார், செருமினார், களிமண் பூமி, அஸ்திவாரம் இறங்குகிறது என்றார். அஸ்திவாரம் இறங்கினால் ஓட்டையும் சேர்ந்து மண்ணுக்குள் போகவேண்டுமே, ஓட்டை மண்ணுக்கு மேலேதானே இருக்கிறது, சின்னதாகி இருக்கிறது என்று வாட்ச்மேன் கேட்டார். வாட்ச்மேனுக்கு மறுநாள் ராத்திரி டூட்டி மாற்றிவிட்டார்கள். வாஸ்து பார்க்கிறவர் வந்தார், ஈசான்யத்தில் ஈரம் இல்லை என்றார். சிமெண்டில் கலப்படம் என்றது ஒரு கட்சி. கண்ணேறு என்றது இன்னொரு கட்சி, பூசணிக்காயும் உடைத்தார்கள்.

காலனியில் இவ்வளவு ஆராய்ச்சி நடக்கவில்லை. மரம் காய்கிறது, சுவருக்கு வெட்கம் வந்துவிட்டது என்றார்கள், அவ்வளவுதான். தோள் உயரத்துக்கு வந்தபோது பெண்கள் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேன் பார்த்தார்கள். நெஞ்சு உயரத்துக்கு வந்தபோது சொர்ணம் முருங்கைக்கீரையை அதன் மேல் பரப்பி வைத்தாள், அந்தப்பக்கத்து மாடிவீட்டு அம்மாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே ஒரு கட்டு எடுத்துப் போனாள், மறுநாள் திருப்பாமலே எடுத்துப் போனாள். கண்ணாடிச் சில்லெல்லாம் அரிசிக் குருணையளவுக்கு ஆகி, போகிறவர் வருகிறவர் முதுகு சொறிந்துகொள்ள வாகாக இருந்தது. இடுப்பு உயரத்துக்கு வந்த திங்கட்கிழமை, ரேணுகா பையை முதலில் தூக்கிப் போட்டு, ஒரு உன்னு உன்னித் தாண்டி, முந்நூறு எட்டில் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நாலு நாள் போனாள். பலவேசம் அந்த நாலு நாளும் ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனான்.

கெட்டது ஹேமலதாவால். அவள் கெட்டவள் இல்லை, படிவத்தை நிரப்புகிறவள். பயிற்சி அறிக்கையில் 'பொருள், செய்த அன்று அளவு, காய்ந்த பின் அளவு' என்று கட்டம் இருந்தது. கிளி இவ்வளவு, கத்தரிக்காய் இவ்வளவு என்று எழுதிக்கொண்டே வந்தவள், சுவருக்கு வந்தபோது நாலு விரல் உயரம் ஒன்றரை விரலாகியிருப்பதைப் பார்த்து, நிமிர்ந்து, வெளியே இருக்கிற சுவரையும் பார்த்து, கணக்கு சரியாக வருவதைப் பார்த்து, 'சிறப்புச் சாதனை' என்ற கட்டத்தில் ஒளிக்காமல் மறைக்காமல் அதையும் எழுதி, போட்டோ ஒட்டி அனுப்பிவிட்டாள். பதினாலு மனுவில் ஒரே ஒரு வரியைப் படித்த அலுவலகம் அந்த அறிக்கையை ஒரே நாளில் படித்தது.

ஜீப் வந்தது. அரசுப் பயிற்சியில் அரசு கொடுத்த கத்தியால் செய்த பொருள் அரசுக்குச் சொந்தம் என்று ஒருவர் வாசித்தார். மாரிக்கனிக்கு அப்போதுதான் தன் கையில் இருந்தது எவ்வளவு பெரிய பொருள் என்று தெரிந்தது, தெரிந்தபோது அது கையில் இல்லை. பொருளின் பாதுகாப்பு செண்பக நகர்ச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இனிக் காலனியில் கிளியும் யானையும் தவிர எதுவும் செதுக்கக்கூடாது என்று ஒரு தாளும் ஒட்டினார்கள்.

சௌந்தரராஜன் அந்தச் சாண் சுவரைச் சங்க அலுவலகத்தில் ஒரு டிரம் தண்ணீருக்குள் இறக்கிப் பூட்டினார். தண்ணீர் நாறிவிடக்கூடாதென்று தினம் ஒரு லாரி வந்து டிரம்மைக் காலி செய்து புதிதாக நிரப்பியது. காலனிக்கு அந்த மாசி மாதத்தில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர், அதுவும் ஆளுக்கு ஆறு குடம். பெண்கள் காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, ஒரு மரக்கட்டை குளிப்பதற்காக லாரி போவதைப் பார்த்தார்கள். சுவர் ஊறியது, ஏறியது. இடுப்பு நெஞ்சாயிற்று, நெஞ்சு தலையாயிற்று, பத்தடியைத் தாண்டிப் பன்னிரண்டில் போய் நின்றது, குருணைச் சில்லெல்லாம் மறுபடி கத்தியாயிற்று. ரேணுகா வீட்டில் உட்கார்ந்தாள். ஹேமலதா வந்து, மன்னிச்சிருங்க சிஸ்டர், கட்டம் இருந்துச்சு, நிரப்பிட்டேன் என்று அழுதாள். மாரிக்கனி அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள், அந்த வீட்டில் அன்றைக்கு அது பெரிய விஷயம்.

இப்போது சௌந்தரராஜனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருஷம் பாலமும் தண்ணீர்த் தொட்டியும் கட்டின மனிதர். அவர் அறிந்த உலகத்தில் எந்தப் பொருளையும் வார்த்து முடித்ததும் இருபத்தொரு நாள் விடாமல் நனைக்க வேண்டும், கியூரிங், இருபத்திரண்டாம் நாள் அது இரும்பு, அதற்குப் பிறகு வெயில் என்ன மழை என்ன. சுவரைக் கட்டினவன் நான், சுவருக்குப் பொம்மை செய்தவள் யாரோ ஒருத்தி, ஆகவே பொம்மைக்கும் என் சட்டம்தான் என்று அவர் நினைத்தார். மரம் காங்கிரீட் இல்லை என்று சொல்ல அந்த நகரில் யாரும் மரம் வைத்திருக்கவில்லை.

இருபத்தொரு நாள் முடிந்தது. பொதுப் பரீட்சைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. சௌந்தரராஜன் நகருக்குள் விழா வைக்கவில்லை, காலனிப் பக்கத்தில் வைத்தார், பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டும் என்று. சுவரடியில் ஒரு கருங்கல் பீடம், பீடத்தின் மேல் காற்றுப் புக ஓட்டை வைத்த கண்ணாடிப் பெட்டி, பெட்டியின் மேல் ஒரு கேமரா, உச்சியில் பங்குனி வெயில். சொட்டச் சொட்ட நனைந்த சாண் சுவரைத் துணியில் ஏந்திவந்து உள்ளே வைத்து, செருமிவிட்டுப் பேசினார். இனிமேல் இது குறையாது, இது கெட்டிப்பட்டுவிட்டது, எல்லாரும் அவரவர் இடத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்றார். ஹேமலதா முன்வரிசையில் இருந்தாள், அலுவலகம் அனுப்பியிருந்தது. ஊறின கட்டையை உச்சி வெயிலில் கண்ணாடிக்குள் வைக்கிறார்களே என்று அவளுடைய தொழில்புத்தி பதறியது. வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற மாரிக்கனி அவள் கால் பெருவிரலைக் குதிகாலால் மிதித்தாள்.

சௌந்தரராஜன் அதைக் கவனித்தார். செதுக்கினவள் நீதானேம்மா, என்ன சொல்கிறாய், சரியாயிருக்கிறதா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

"நீங்க இன்ஜினியரு சார். எங்களுக்கு என்ன தெரியும், கிளியே ஒழுங்கா வராது" என்றாள் மாரிக்கனி.

அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். இரண்டு மணிக்குக் கண்ணாடிக்குள் ஆவி ஏறியது. மூன்று மணிக்கு, தேங்காய் உடைத்தது போல ஒரு சத்தம் பெட்டிக்குள், இடி விழுந்தது போல ஒரு சத்தம் வெளியே. சாண் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ரேகை போகிற போக்கிலேயே, நீளவாக்கில் வெடித்தது. பெரிய சுவரும் அப்படியே, கணுக்கால் உயரத்தில், கோடு கிழித்தது போல இருநூறடிக்கும் பிளந்தது. மேல்பாதி ஒன்றரை அடி எழும்பி, எதன் மேலும் உட்காராமல், அப்பளம் பொரிந்தது மாதிரி லேசாக முறுக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. கீழ்ப்பாதி தரையோடு நின்றது. நடுவில் காற்று போய் வந்தது.

சாயங்காலத்துக்குள் இதுவும் பழகிவிட்டது. முதலில் நாய்கள் போய்வந்தன, பிறகு பிள்ளைகள். சொர்ணம் தவழ்ந்துபோய் ரேஷன் கடையில் சீனி வாங்கித் தவழ்ந்து வந்தாள், முட்டியில் மண். நகர்ச் சங்கம் அவசரமாகக் கூடி, இதுதான் இரு தரப்புக்கும் நல்லது, சுவரும் இருக்கிறது வழியும் இருக்கிறது என்று தீர்மானம் போட்டது. 'குனிந்து செல்லவும்' என்று ஒரு பலகையைப் பெயிண்ட் காயுமுன் கொண்டுவந்து மாட்டினார்கள். பலவேசத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கயத்தாற்றுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் மாப்பிள்ளை, பிள்ளை பரீட்சை எழுதுகிறாள் என்று சொல்லிவிட்டான். காலனியே அவளை வழியனுப்ப மறுநாள் காலையில் சுவரடியில் நின்றது.

ரேணுகா இஸ்திரி போட்ட சுடிதாரில், ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தாள். பரீட்சை மையம் பக்கத்து ஊரில், பஸ் எட்டு மணிக்கு. பையைத் தள்ளிவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, முட்டி போடப் போனாள். மாரிக்கனி அவள் பின்னலைப் பிடித்து நிறுத்தினாள்.

"நிமிருட்டி."

"பஸ் வந்துரும்மா."

"வரட்டும். நிமிரு."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு நிமிஷம் குனிந்தால் முதுகு என்ன ஒடிந்தா போகும் என்றாள் சொர்ணம். கிடைச்சதையும் கெடுத்திராத, உன் காலைப் பிடிக்கேன் என்றான் பலவேசம். சுவருக்கு அந்தப்பக்கம் நடைபயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களுடைய செருப்பு மட்டும்தான் சந்து வழியாகத் தெரிந்தது. சௌந்தரராஜனின் வெள்ளை ஷூவும் அதில் இருந்தது. பொறுமையாகப் போகச் சொல்லம்மா, நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம் என்று அந்த ஷூ சொன்னது.

"சொல்லமாட்டியளா" என்றாள் மாரிக்கனி, தரையைப் பார்த்துப் பேசுவது போல அந்த ஷூவைப் பார்த்து. "எம்புள்ள பரீட்சை எழுதப் போறா சார். உங்க செருப்பப் பாத்துக்கிட்டே போறதுக்கு அவ பன்னெண்டு வருசம் படிக்கல."

பிறகு அவள் பீடத்துக்குப் போனாள். அண்ணாந்து கேமராவைப் பார்த்தாள். என் பெயர் மாரிக்கனி, புருஷன் பெயர் பலவேசம், வீடு மூணாவது வரிசையில் கடைசி, நன்றாக எழுதிக்கொள்ளுங்கள் என்று நிதானமாக, மனு வாசிக்கிற குரலில் சொன்னாள். கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்துக் கண்ணாடியில் ஒரு போடு போட்டாள். சாண் சுவரை எடுத்து இடது கையில் நிறுத்தினாள், இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள். கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். ஏற்கெனவே வெடித்த கட்டைக்கு வெட்டு வேண்டியதில்லை, கத்திமுனையை வெடிப்பில் செருகி, பூட்டுத் திறக்கிற மாதிரி ஒரே ஒரு திருப்பு.

அந்தரத்தில் நின்ற மேல்பாதி தன் இருநூறடி நீளத்துக்கும் ஒரு பெருமூச்சு விட்டது. மெதுவாக, யார் மேலும் விழாமல், வெள்ளை ஷூக்காரர் பின்னாலே பின்னாலே நடந்து விலகுகிற வேகத்தில், பாய் விரிப்பது போல அந்தப்பக்கத் தரையில் படுத்தது. புழுதி அடங்கியபோது இந்தப்பக்கம் நின்றவர்களும் அந்தப்பக்கம் நின்றவர்களும் முழு உருவத்தோடு, தலையோடு, எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். நடுவே கணுக்கால் உயரத்துக்கு மட்டும் கீழ்ப்பாதி. அதற்கப்பால் முந்நூறு எட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

"காலை மட்டும் தூக்கு" என்றாள் மாரிக்கனி.

ரேணுகா ஒரு காலைத் தூக்கி வைத்தாள், மற்றக் காலையும் தூக்கி வைத்தாள், படுத்துக் கிடந்த சுவரின் மேல் செருப்புக்காலோடு நடந்து, அதன் கண்ணாடிச் சில்லைத் தாண்டி, பிறகு ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. பஸ் புறப்படுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் காலனி அங்கேயே நின்றது. கேட்டதும் பலவேசம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வா மாரி, வீட்டுக்குப் போவோம், அதான் ஆயிட்டுதுல்லா என்றான்.

மாரிக்கனி நகரவில்லை. அந்தக் கணுக்கால் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

"எங்க ஆயிட்டு? இன்னும் இம்புட்டு நிக்கில்லா."

கையில் மிச்சமிருந்த கீழ்த்துண்டை முந்தானையால் ஒருதரம் துடைத்து, கருங்கல் பீடத்தின் மேல், நல்ல வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து வைத்தாள். வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.